டாக்குரியா பாலத்தில் நான் விட்ட புகை

இருபத்து மூன்று வயது வரை நான் யாரிடமும் "எனக்குத் தெரியாது" என்று சொன்னதே இல்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, வியாதியாகச் சொல்கிறேன். சிலருக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது. எனக்கு அந்த வார்த்தை ஒத்துக்கொள்ளாது. யாராவது வழி கேட்டால், அந்தத் தெருவின் பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டிருந்தாலும், கையை நீட்டி, "நேராப் போய் இடது பக்கம்" என்று சொல்லிவிடுவேன். (என்னை நம்பிப் போனவர்களில் சிலர் இன்னும் நடந்துகொண்டிருக்கலாம்.)

வேலை கிடைத்ததும் அப்படித்தான். டாலிகஞ்சில் ஒரு லாரி கம்பெனி. மெட்ரோ ரயிலுக்காகக் கல்கத்தாவின் பாதியைத் தோண்டிப் போட்டிருந்த வருடங்கள் அவை. முதலாளி தூத்துக்குடிக்காரர், சண்முகவேல் அண்ணாச்சி. இரண்டே இரண்டு லாரிகள். ஊரிலிருந்து புளி, அப்பளம், வற்றல் என்று இங்குள்ள தமிழ்க் கடைகளுக்குக் கொண்டு வரும். திரும்பும்போது தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போகும்.

அண்ணாச்சி என்னைக் கேட்டது மூன்று கேள்விகள்.

"டைப் அடிக்கத் தெரியுமாம்மா?"

"தெரியும் சார்." (உண்மை.)

"சுருக்கெழுத்து?"

"தெரியும் சார்." (பாதி உண்மை. எழுத வரும். எழுதியதைத் திரும்பப் படிக்க வராது.)

"லாரியப் பத்தி ஏதாவது தெரியுமா?"

"நன்னாத் தெரியும் சார்."

லாரியைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அது வரும்போது ஓரமாக நிற்க வேண்டும்.

வீட்டில் இன்னொரு சிக்கல். நாங்கள் டாக்குரியாவில் குடியிருந்தோம். அப்பா பாங்க் ஆபீசர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, குடை, டிபன் டப்பா, ஆறு மணிக்குள் வீடு. பெண் வேலைக்குப் போவதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் நிபந்தனை உண்டு. "கௌரவமான ஆபீசா இருக்கணும். நாற்காலி இருக்கணும். ஃபேன் இருக்கணும். நாலு படிச்ச மனுஷா இருக்கணும்." நான் யோசிக்கவே இல்லை. "எக்ஸ்போர்ட் கம்பெனிப்பா. செக்ரட்டரி வேலை" என்றேன். உண்மையில் என் ஆபீஸ், தகரக் கொட்டகை ஒன்றின் மூலை. பக்கத்தில் லாரிக்கு அடியில் படுத்து ரிப்பேர் பார்க்கும் குழி. நாற்காலி இருந்தது. ஃபேனும் இருந்தது. (சுற்றாது. அப்பா சுற்ற வேண்டும் என்று கேட்கவில்லையே.) படித்த மனுஷர்கள் என்று பார்த்தால் நான் ஒருத்திதான்.

அந்தக் கொட்டகையின் ராஜா மெக்கானிக் நிமாய்-தா. (வங்காளத்தில் தா, தாதா என்றால் அண்ணன்; திதிமணி என்றால் அக்கா.) ஐம்பது வயது வங்காளி. பன்னிரண்டு வருடம் அண்ணாச்சியோடு இருந்ததில் தமிழ் பேசக் கற்றுக்கொண்டிருந்தார். அண்ணாச்சியிடம் கற்றதால் அது தெற்கத்தித் தமிழ். முதல் நாள் அவர் என்னைப் பார்த்து, "வாங்க திதிமணி, நல்லா இருக்கீயளா?" என்று கேட்டபோது, தாமிரபரணி தப்பி வந்து ஹூக்ளியில் கலந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

இரண்டு லாரிகளில் ஒன்று புதுசு. மற்றதற்கு நிமாய்-தா வைத்திருந்த பெயர் 'பூரி'. (வங்காளத்தில் கிழவி என்று அர்த்தம். உருளைக்கிழங்கோடு சம்பந்தமில்லை.) பூரி கிளம்பினால் சைலன்சரிலிருந்து வரும் புகையில் எதிர்வீடு மறைந்துவிடும். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்தும் அம்மாள் வெளியே வந்து திட்டுவாள். அவளும் தெரியமாட்டாள், குரல் மட்டும் கேட்கும்.

பூரிக்கு அந்த மாதம் எஃப்.சி. எடுக்க வேண்டும். அதாவது வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் தேயிலைக் கோடவுனில் சரக்கு ஏற்றமாட்டார்கள். முன்பெல்லாம் விளக்கு எரிகிறதா, ஹாரன் அடிக்கிறதா என்று பார்த்து விட்டுவிடுவார்களாம். புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டர் வேறு மாதிரி. டீ வாங்கிக் கொடுத்தால்கூடக் குடிக்காதவர். சட்டைப் பையிலிருந்து சலவை செய்த வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, சைலன்சர் வாயருகே பிடித்து, "ஆக்சிலேட்டரை மூன்று தடவை மிதி" என்பார். கைக்குட்டை கறுத்தால் வண்டி வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அந்தச் சமயம் பார்த்து அண்ணாச்சி தங்கை மகள் கல்யாணத்துக்கு ஊருக்குக் கிளம்பினார். திங்கட்கிழமை காலை, பெட்டியும் கையுமாக என் மேஜை முன்னால் நின்றார்.

"ஏ தாயி, வெள்ளிக்கிழம பூரிக்கு எப்.சி. சனிக்கிழம காலைல தேயில ஏத்தணும். ஏத்தலேன்னா கோடவுன்காரன் வேற வண்டிக்குக் குடுத்துருவான், அப்புறம் நமக்குத் தரமாட்டான். நீ பாத்துக்கிடுவியா? தெரியாதுன்னா சொல்லு, நான் கல்யாணத்துக்குப் போகல."

இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது. அவ்வளவு தெளிவாக வழி திறந்துவிட்டார் மனிதர். நான் சொன்னேன்: "நீங்க நிம்மதியா கல்யாணம் பார்த்துட்டு வாங்கோ சார். எஃப்.சி.யெல்லாம் எனக்குத் தண்ணிபட்ட பாடு."

செவ்வாயும் புதனும் நிமாய்-தா பூரியைப் பிரித்து மேய்ந்தார். நான் ஒரு நோட்டும் பேனாவுமாகப் பக்கத்தில் நின்று மேற்பார்வை செய்தேன். எஞ்சின் மூச்சிழுக்கும் காற்று வடிகட்டியைத் திறந்தார். அதற்குள் எண்ணெய் இருக்க வேண்டுமாம், அல்வா இருந்தது. "பாத்தீயளா? மூக்கடச்சுக் கிடக்கு கிழவிக்கு. அதான் புகையுது" என்றார். பிறகு டீசலைப் பீய்ச்சும் நாசில்கள். ஆறு நாசில். ஒவ்வொன்றாகக் கழற்றி, கையால் பம்ப் அடித்துக் காட்டினார். நல்ல நாசிலென்றால் டீசல் பன்னீர் தெளிப்பதுபோலத் தூவலாக வர வேண்டும். பூரியின் நாசில்கள் மூக்கு ஒழுகுவதுபோல ஒழுகின. ஒழுகும் டீசல் சரியாக எரியாது. எரியாத டீசல்தான் கறும்புகை. இதையெல்லாம் அவர் விளக்கியபோது நான், "ஆமாம், ஆமாம், தெரியும்" என்று தலையாட்டிக்கொண்டே புடவைத் தலைப்புக்குள் மறைத்து நோட்டில் எழுதிக்கொண்டேன். சுருக்கெழுத்தில். திரும்பப் படிக்க முடியவில்லை.

நான்கு நாசில்கள் சுத்தம் செய்ததில் சரியாகிவிட்டன. இரண்டு தேறவில்லை. மல்லிக் பஜாரில் புதிதாக வாங்க வேண்டும். வியாழக்கிழமை பந்த். கல்கத்தாவில் பந்த் என்றால் பந்த். காக்காய்கூட யோசித்துத்தான் பறக்கும். கடை, பஸ் எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை காலை கடை திறந்ததும் ஓடினால், அந்த நாசில் திங்கட்கிழமைதான் வருமாம்.

"திங்கக்கெழம எப்.சி.க்குப் போவோம் திதிமணி" என்றார் நிமாய்-தா.

"நாளைக்குக் காலைல சரக்கு ஏத்தணும் நிமாய்-தா."

அவர் கன்னத்தைச் சொறிந்தார். கடைசியில் எஞ்சின் பக்கவாட்டில் இருந்த டீசல் பம்பைக் காட்டினார். அதன் மேல் ஒரு மூடி. மூடிக்குள் ஒரு திருகாணி. "இந்த ஸ்க்ரூதான் எஞ்சினுக்கு எவ்வளவு டீசல்னு சொல்லும். கொஞ்சம் கொறச்சா புகை கொறயும். ஆனா தம்மும் கொறயும்." ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கால் சுற்றுத் திருப்பினார். எஞ்சினைப் போட்டு, என் கைக்குட்டையைப் பிடித்துப் பார்த்தோம். கறுப்பு இல்லை, எலி நிறம்.

"இதுக்கு மேல கொறக்கப்புடாது. அந்த இன்ஸ்பெக்டர்ட்ட பேசிப் பாப்போம். நான் சாப்ட்டுட்டு வாரேன். எதையும் தொட்ராதீய."

அவர் போனார். நானும் பூரியும் தனியாக இருந்தோம்.

எனக்கு அப்போது ஞாபகம் வந்தது எங்கள் வீட்டு மண்ணெண்ணெய் ஸ்டவ். அது புகைந்தால் அம்மா திரியைக் குறைப்பாள், புகை நின்றுவிடும். இவ்வளவுதானே விஷயம்? கால் சுற்றில் எலி நிறம் என்றால், ஒரு சுற்றில் சாம்பல் நிறம், இரண்டு சுற்றில் மல்லிகைப்பூ. இதை ஒரு மெக்கானிக் ஐம்பது வயது வரை கண்டுபிடிக்கவில்லையே என்று எனக்கு அவர்மேல் பரிதாபமாகக்கூட இருந்தது. தம் குறையும் என்றாரே? குறையட்டுமே. இன்ஸ்பெக்டர் முன்னால் நிற்கத்தானே போகிறது, இமயமலையா ஏறப் போகிறது?

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு திருகினேன். ஒரு சுற்று. நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு சுற்று. யாரோ வரும் சத்தம் கேட்டு அவசரமாக இன்னும் கொஞ்சம். மூடியை மாட்டினேன். ஸ்க்ரூடிரைவரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

நிமாய்-தா திரும்பி வந்து எஞ்சினைப் போட்டார். சைலன்சரில் புகையே இல்லை. குனிந்து பார்த்தார். மோந்து பார்த்தார். "கிழவிக்கு என்ன ஆச்சு?" என்றார். ஒரு நிமிடம் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். பிறகு அவர் முகத்தில் மெதுவாகப் பெருமை பரவியது. "நம்ம கை அப்படி திதிமணி. நாலு நாசில்லயே இப்படின்னா, ஆறும் புதுசா இருந்தா?" என்று தன் கையையே ஒரு தடவை பார்த்துக்கொண்டார். நான் மறுக்கவில்லை. அவருடைய சந்தோஷத்தைக் கெடுப்பானேன்?

டிரைவர் ராம்ப்ரீத்தோடு நான் எஃப்.சி. பார்க்கும் அலிப்பூருக்குக் கிளம்பினேன். பிகார்க்காரர், அதிகம் பேசமாட்டார். டாலிகஞ்சைத் தாண்டுவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டார். ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்திருந்தார்; பூரி நடந்துகொண்டிருந்தது. ஒரு கைரிக்‌ஷா எங்களை முந்தியது. அதில் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்து எனக்கு அனுதாபமாகத் தலையசைத்தார்.

"இன்னிக்கு வண்டில உயிரே இல்ல மேம்சாப்" என்று ஹிந்தியில் புலம்பினார் ராம்ப்ரீத்.

"சுத்தம் பண்ணியிருக்கா இல்லையா, அதான். குளிச்ச உடனே யாருக்கும் கொஞ்சம் அசதியாத்தான் இருக்கும்" என்றேன். (ஆமாம், இப்படியேதான் சொன்னேன்.)

இன்ஸ்பெக்டர் மெலிந்து உயரமாக இருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட். எங்கள் முறை வரும்போது மாலை நாலு மணி. எங்களுக்கு முன்னால் நின்ற ஒவ்வொரு லாரியும் கைக்குட்டையைக் கறுப்பாக்கிவிட்டுத் தலை குனிந்து திரும்பிப் போனது. அவர் பையிலிருந்து புதுக் கைக்குட்டை ஒன்றை எடுத்தார். பூரியின் சைலன்சர் அருகே பிடித்தார்.

"மிதி."

ராம்ப்ரீத் மூன்று தடவை மிதித்தார். இன்ஸ்பெக்டர் கைக்குட்டையைத் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெள்ளை. பக்கத்தில் இருந்த குமாஸ்தாவைக் கூப்பிட்டுக் காட்டினார். "இருபது வருட லாரி. பார், இப்படி வைத்துக்கொள்ளலாம். மனசுதான் வேண்டும்" என்றார் வங்காளத்தில். என் பக்கம் திரும்பி, "யார் பார்த்துக்கொள்வது வண்டியை?" என்று கேட்டார்.

நிமாய்-தாவின் பெயரைச் சொல்லியிருக்கலாம். "நான்தான் மேற்பார்வை" என்றேன்.

அவர் மரியாதையாகத் தலையசைத்துவிட்டு, "பிரேக் மட்டும் ரோட்டில் பார்க்க வேண்டும். எனக்கு டாக்குரியாவுக்கு அந்தப் பக்கம் ஒரு கராஜில் வேலை இருக்கிறது. உங்கள் வண்டியிலேயே வருகிறேன். பாலத்து இறக்கத்தில் பிரேக்கைப் பார்த்துவிட்டு அங்கேயே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்றார்.

இறக்கம் என்ற வார்த்தை மட்டும்தான் என் காதில் விழுந்தது. இறங்க வேண்டுமென்றால் முதலில் ஏற வேண்டும் என்பது லாரி கரியாஹட் தாண்டி, ரயில்பாதைக்கு மேலே முதுகை வளைத்துக்கொண்டு நின்ற டாக்குரியா பாலத்தைப் பார்த்தபிறகுதான் உறைத்தது. வெள்ளிக்கிழமை மாலை. ஆபீஸ் விட்ட நேரம். முன்னால் பஸ், பின்னால் பஸ், நடுவில் பூரி.

கால்வாசி ஏறியது. ராம்ப்ரீத் இரண்டாவது கியருக்கு வந்தார். பிறகு முதல் கியர். பிறகு கடவுள் பெயர். பாதிப் பாலத்தில் பூரி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. பின்பக்கமாக ஓர் அடி உருண்டது. ராம்ப்ரீத் பிரேக்கை மிதித்தார். நின்றுவிட்டது. இன்ஸ்பெக்டர் நியாயஸ்தர், அந்த நிலையிலும் நோட்டை எடுத்து, 'பிரேக்: நன்று' என்று எழுதினார்.

மறுபடி எஞ்சினைப் போட்டால், உறுமும். கிளச்சை விட்டால் அணைந்துவிடும். ஐந்து நிமிடத்தில் பாலம் முழுக்க ஹாரன். பத்து நிமிடத்தில் பஸ்களிலிருந்து ஜனங்கள் இறங்கி வந்துவிட்டார்கள். வேறு ஊராக இருந்தால் திட்டுவார்கள். கல்கத்தாவில் முதலில் கருத்துச் சொல்வார்கள். ஒருவர் ரேடியேட்டர் என்றார். ஒருவர் டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்றார். வேட்டி கட்டிய ஒரு தாதா, இது எஞ்சின் பிரச்சினையே அல்ல, டெல்லியின் பிரச்சினை என்றார். அதை மறுத்து ஒருவர் பேச, இரண்டு கட்சியாகப் பிரிந்து, சாலையோர டீக்கடையிலிருந்து டீ வந்துவிடும்போல இருந்தது. கடைசியில் இன்ஸ்பெக்டரே கீழே இறங்கி, "பேச்சு போதும், தள்ளுங்கள்!" என்று சொல்லி, தானும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பின்னால் போனார். முப்பது பேர் ஒரே குரலில் "ஹேய்யோ!" போட்டுத் தள்ளினார்கள். பூரி இரண்டு அடி நகர்ந்தது, களைத்து நின்றது.

கைப்பையைத் திறந்தேன். ஸ்க்ரூடிரைவர் இருந்தது. வந்தது வரட்டும் என்று இறங்கி, பானெட்டைத் தூக்கி, பம்பின் மூடியைக் கழற்றினேன். திருப்பியதைத் திருப்பி வைத்துவிட்டால் போதும். எத்தனை சுற்றுக் குறைத்தேன்? இரண்டா? இரண்டரையா? மூன்றா? நடுவில் யாரோ வந்தார்களே, அப்போது எவ்வளவு? பின்னாலிருந்து ஹாரன் அலறியது. 'அதிகம் இருந்தால் நல்லதுதானே, ஏற்றமாயிற்றே' என்று தோன்றியது. நான்கு சுற்றுத் திருப்பினேன். இன்னும் ஒரு அரைச் சுற்று, கொசுறு. பானெட்டை மூடிப் பக்கவாட்டில் ஒதுங்கினேன்.

"மிதிங்கோ ராம்ப்ரீத்!" என்று தமிழிலேயே கத்தினேன்.

ராம்ப்ரீத் மிதித்தார். பின்னால் முப்பது பேர் "ஹேய்யோ!" என்று குனிந்தார்கள்.

அந்தச் சத்தத்தை என்னால் எழுத முடியாது. யானை தும்மினால் அப்படி இருக்கலாம். மத்தியானத்திலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் பூரி ஒரே மூச்சில் வெளியே விட்டது. மை மாதிரி கறுப்பு. பாலத்தின் பின்பாதியைக் காணவில்லை. பஸ்களைக் காணவில்லை. இருட்டுக்குள்ளிருந்து முப்பது பேர் இருமும் ஓசை மட்டும் வந்தது. பூரியோ இருபது வயது குறைந்ததுபோலப் பாய்ந்து, பாலத்து உச்சிக்குப் போய் நின்றது. நான் மட்டும் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக நடுரோட்டில் நின்றேன்.

புகை விலக ஆரம்பித்தது. ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். எல்லோரும் ஒரே ஜாடையாக இருந்தார்கள். நான் கையைக் கூப்பிக்கொண்டு, "க்ஷமா கொருன் தாதா, க்ஷமா கொருன்" என்று ஒவ்வொருவரிடமும் வங்காளத்தில் மன்னிப்புக் கேட்டேன். கையில் குடையோடு ஒரு கறுத்த உருவம் நேராக என்னிடம் வந்தது. கண்ணாடியைக் கழற்றியது. கண்ணைச் சுற்றி மட்டும் இரண்டு வட்டம் வெள்ளையாக இருந்தது.

"க்ஷமா கொருன் தாதா..."

"கோமு," என்றது அந்த உருவம் தமிழில், "இதுதானா உன் எக்ஸ்போர்ட்?"

அப்பா. எங்களுக்குப் பின்னால் நின்ற பஸ்ஸில்தான் வந்திருக்கிறார். வண்டி நகர்ந்தால் வீட்டுக்குப் போகலாமே என்று இறங்கித் தள்ளியிருக்கிறார். அதுவும் சைலன்சருக்கு நேராக நின்று.

நான் பதில் சொல்வதற்குள் இன்ஸ்பெக்டர் வந்தார். அவருடைய வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட் இரண்டும் பழங்கதை. பையிலிருந்து அந்த வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து நிதானமாக முகத்தைத் துடைத்தார். விரித்துப் பார்த்தார். "இப்போதுதான் டெஸ்ட் முடிந்தது" என்றார்.

பிறகு ராம்ப்ரீத்தைப் பார்த்து, "பம்பைத் திருகியது யார்? நீயா, உன் மெக்கானிக்கா? லைசென்சை எடு" என்றார் கடுமையாக. ராம்ப்ரீத் பாவம், ஒன்றும் புரியாமல் சட்டைப் பையைத் தடவினார். அவருக்கு ஊரில் நான்கு குழந்தைகள்.

நான் வாயைத் திறந்தேன். என்னென்னவோ பொய்கள் தொண்டை வரை வந்து நின்றன. அப்பா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவர் இல்லை சார். மெக்கானிக்கும் இல்லை. அவர் தொடாதே என்றுதான் சொன்னார். நான்தான் திருகினேன். எவ்வளவு திருக வேண்டும் என்று..." ஸ்க்ரூடிரைவரைக் காட்டினேன். "எனக்குத் தெரியாது."

முதல் தடவை என்பதால் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. டெல்லி தாதாகூடப் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். "தெரியாதென்றால் திருகக் கூடாது" என்றார். அவ்வளவுதான். தாளில் 'ஃபெயில்' என்று எழுதிக் கொடுத்தார். "நாசில் போட்டுவிட்டு வாருங்கள். அந்தத் திருகாணியை மெக்கானிக் பார்க்கட்டும்." கறுத்த சட்டையோடு பாலத்தில் இறங்கி, தான் போக வேண்டிய கராஜுக்கு நடந்தே போய்விட்டார்.

அப்பாவும் நானும் வீட்டுக்கு நடந்தோம். அம்மா கதவைத் திறந்தாள். முன்னால் நின்ற அப்பாவைப் பார்த்தாள். "கரி நேத்திக்கே வாங்கியாச்சு, அடுத்த வாரம் வா" என்று தன் வங்காளத்தில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திவிட்டாள்.

சனிக்கிழமை காலை நானே தேயிலைக் கோடவுனுக்குப் போய், வண்டி ஃபெயில், காரணம் நான் என்று சொன்னேன். உண்மையை ஒத்துக்கொள்வது ஒரே நாள் இடைவெளியில் இரண்டாவது தடவை. வாய்க்குப் பழகவே இல்லை. கோடவுன் மானேஜர் ஆச்சரியமாகப் பார்த்தார். "எதற்கு இவ்வளவு அவசரம்? பந்த் நாளில் ரயில் ஓடவில்லையே, பெட்டிகளே செவ்வாய்க்கிழமைதான் வருகின்றன. உங்கள் ஆபீசுக்குச் சொல்லி அனுப்பினோமே, நீங்கள் இல்லையாமே?" என்றார். சொல்லி அனுப்பிய நேரத்தில் நான் அலிப்பூரில் கைக்குட்டையைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை நாசில் வந்தது. நிமாய்-தா என்னோடு பேசாமல் மாட்டினார். அவருக்குக் கோபம் நான் திருகியதில் இல்லை. தன் கையைப் பார்த்துத் தானே பெருமைப்பட்டுவிட்டோமே என்பதில். அன்று மாலையே இன்ஸ்பெக்டர் பூரியைப் பார்த்தார். கைக்குட்டையில் லேசாக ஒரு நிழல். "இது உண்மையான நிறம்" என்று கையெழுத்துப் போட்டார். செவ்வாய்க்கிழமை பூரி தேயிலையோடு டாக்குரியா பாலம் வழியாகப் போகவில்லை. ராம்ப்ரீத் சுற்றிப் போனார்.

கல்யாணத்திலிருந்து திரும்பிய அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, ராஜினாமாக் கடிதத்தை நீட்டினேன். அவர் அதை வாங்கி, அதன்மேல் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து வைத்து என் பக்கம் தள்ளினார்.

"தின்னு. ஏம்மா, தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா உன்ன நான் கடிச்சா தின்னுருப்பேன்? ரெண்டு லாரி வச்சிருக்கேன், எனக்கே அந்தப் பம்பப் பத்தி ஒண்ணும் தெரியாது. அதுக்குத்தான நிமாய வச்சிருக்கு!"

வீட்டில் அப்பா மூன்று நாள் பேசவில்லை. வேலையை விடச் சொல்வார் என்று காத்திருந்தேன். நான்காம் நாள் ராத்திரி, மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே, தட்டைப் பார்த்தபடி கேட்டார்: "ஆமாம், நாசில்னா என்ன?"

நான் எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். மறு ஞாயிறு அவர் குடையோடு கொட்டகைக்கே வந்துவிட்டார். நிமாய்-தா கையால் பம்ப் அடித்துப் பன்னீர் தூவலைக் காட்டினார். அப்பா ஒரு மணி நேரம் நின்று பார்த்தார். போகும்போது சுற்றாத ஃபேனை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். அதன்பிறகு நான் எட்டு வருடம் அங்கே வேலை பார்த்தேன்.

எனக்கு வரன் வந்தபோது, மாப்பிள்ளை வீட்டார் எதிரில் அப்பாவே இந்தக் கதையை முழுக்கச் சொல்லிவிட்டார். நான் உள்ளே காபி டம்ளரோடு நின்றேன். "பின்னாடி தெரிஞ்சு வருத்தப்படப்படாது பாருங்கோ" என்றாராம். கூடத்தில் ஒருவர் அடக்க முடியாமல் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.

அந்தச் சிரிப்பு இன்னும் நிற்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில், தெருவில் எந்த பஸ்ஸோ லாரியோ கறும்புகை விட்டுக்கொண்டு வந்தாலும், என் கணவர் உடனே நின்று, சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, பவ்வியமாகக் கை கூப்புவார். "கோமு, உங்காத்து மனுஷாள்லாம் வந்துண்டிருக்கா." குழந்தைகளும் கற்றுக்கொண்டார்கள். சின்ன வயதில் என் மகள், புகை விடும் மினிபஸ் ஒன்றைப் பார்த்து, "தாத்தா வரார்!" என்று கத்தி, பக்கத்தில் நின்றவர்களைத் திடுக்கிட வைத்தாள்.

போன மாதம் அவள் பாட்டரியில் ஓடும் கார் ஒன்று வாங்கியிருக்கிறாள். புகை கிடையாது, சைலன்சரே கிடையாது. எங்களை உட்கார வைத்து ஊரைச் சுற்றிக் காட்டினாள். என் கணவர் இறங்கியதும் காரின் பின்பக்கம் போய், குனிந்து குனிந்து தேடினார். பிறகு மிகவும் கவலையாக என்னிடம் வந்தார்.

"பாவம் கோமு, உங்காத்து மனுஷா இனிமே எதுல வருவா?"